மீராவிடம் நீயே கேள்

அன்புள்ள கார்த்தி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ எனக்கு ஒரு வேலை சொன்னாய். அதை நான் இன்னும் செய்யவில்லை. "மீராகிட்ட நீ சொல்லும்மா. நீ சொன்னா கேட்பா. இந்த மாசமே ஆபீஸ்ல ரிசைன் பண்ணிடச் சொல்லு, விசா வந்ததும் டிக்கெட் போட்டுடலாம்" என்றாய். வருகிற வழியில் கறிவேப்பிலை வாங்கி வா என்று சொன்ன மாதிரி நானும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உன் பெண்டாட்டியை வேலையை விடச் சொல்லத் தலையாட்டியிருக்கிறோம் என்று உறைத்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு பால்கனிக்குப் போகிறேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடுகிறது. உன் அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஏட்டி, சொல்லுறதுன்னா சொல்லு, இல்லைன்னா சும்மா உக்காரு. ரெண்டுங்கெட்டானா நின்னா பாலுதான் போகும்" என்கிறார். சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, படி. அப்போதுதான் நடுவில் குறுக்கே பேச மாட்டாய்.

நீ சொன்னதில் ஒன்று மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. "அவளுக்கு இங்க ஒரு கஷ்டமும் இருக்காதும்மா. டாலஸ்ல நம்ம ஃபேமிலீஸ் நிறைய. வந்து இறங்குற அன்னைக்கே சாப்பாடு வந்துடும். கடைக்கு, கோயிலுக்கு, டாக்டர்கிட்ட எல்லாத்துக்கும் லேடீஸ் குரூப்பே கார்ல கூட்டிட்டுப் போயிடும். நீங்கல்லாம் அப்ப பாத்திமா அக்காவைப் பார்த்துக்கிட்டீங்களே, அது மாதிரி" என்றாய். என்னைக் கொண்டே என்னை மடக்கிவிட்டாய். ஆனால் நீ அப்போது வாரங்கல்லில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது அந்தப் பெண் நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்னோடு கீரை ஆய்ந்ததைப் பார்த்தாய். அவள் வீட்டுக்கும் சேர்த்து நான் காய்கறிப் பை தூக்கி வந்ததைப் பார்த்தாய். நீ பார்த்தது முன்பாதி. பின்பாதியை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த உதாரணம் உன் வாயில் வந்திருக்காது.

முதலில் எங்கள் பெருமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். உன் அப்பாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் வேலை கிடைத்து நான் திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் பக்கம் இந்தக் குஷாய்குடாவுக்கு வந்த புதிதில், இங்கே யார் என்ன பேசினாலும் புரியாமல் சிரித்து வைப்பேன். வாசலில் வந்து திட்டினாலும் சிரித்திருப்பேன். அப்போது என்னை வீட்டுக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து காபி கொடுத்த தமிழ்ப் பெண்கள்தான் எனக்கு அம்மா வீடு. தஞ்சாவூர்க்காரி ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, நாகர்கோவில் ரெஜினா டீச்சர். ஒவ்வொருத்திக்கும் ஒரு தமிழ். சனிக்கிழமை மத்தியானம் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். மகளிர் வட்டம் என்று பெயர் வைத்தோம். வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அவரவர் குறையை அவரவர் சொல்லி ஆற்றிக்கொள்வதுதான். பிறகு சாஃப்ட்வேர் காலம் வந்தது. மௌலா அலி பக்கமும் நம் பக்கமும் புதிய ஃப்ளாட்டுகள் முளைத்தன. கல்யாண மஞ்சள் காயாத பெண்கள் ரயிலிலிருந்து இறங்கி நேரே அந்த ஃப்ளாட்டுக்குள் போனார்கள். கணவன் காலையில் கம்பெனி வண்டியில் ஏறினால் எப்போது வருவான் என்று தெரியாது. எங்கள் வட்டத்துக்குக் கை நிறைய வேலை வந்துவிட்டது. ஒரு குடும்பம் வந்து இறங்கிப் பெட்டியைப் பிரிக்கும் முன் எங்களில் ஒருத்தி சாப்பாட்டு கேரியரோடு வாசலில் நிற்பாள். அதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போதும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

பாத்திமா எனக்கு மற்றவர்களைவிட ஒரு படி மேல், ஏனென்றால் அவள் மேலப்பாளையம். கதவைத் திறந்து "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று நம்ம ஊர் இழுவையில் அவள் சொன்னதும் நான் கவிழ்ந்துவிட்டேன். அவளுக்கு இந்த ஊரில் ஒரு விசித்திரமான சங்கடம் இருந்தது. பெயரையும் தலையில் போட்ட துணியையும் பார்த்ததும் எல்லாரும் அவளிடம் உருதுவில் ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கு உருதுவும் தெரியாது, இந்தியும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. தெரியவில்லை என்று சொன்னால், எப்படி உனக்கு உருது தெரியாமல் போகும் என்று இன்னும் வேகமாகப் பேசுவார்கள். பாவம், அவள் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். "நீ வீட்டுல இரு, நான் பாத்துக்கிடுதேன்" என்று நான் சொன்னேன். சொன்னபடி பார்த்தும் கொண்டேன். காய், பால், கேஸ், குழந்தைக்குத் தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் என் வாய்தான். அவள் ஃப்ளாட்டுக்குக் கீழ் வீட்டு லட்சுமம்மா தினமும் படியில் பார்க்கும்போது, "ஏம் கூர?" என்று கேட்பாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பதுதான் இங்கே நலம் விசாரிப்பது என்று உனக்குத் தெரியுமே. அவள் கேட்பது பாத்திமாவை. பதில் சொல்வது நான். அந்தப் பெண் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள், நான் வந்த புதிதில் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அவள் கணவன் யூசுப்புக்கு பேகம்பேட்டில் கம்பெனி. அவனை ஆறு மாதத்துக்கு அமெரிக்கா அனுப்பினார்கள். "நீங்க எல்லாம் இருக்கீங்க, எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு ஒரு நாள் எங்கள் வட்டத்தில் ஒரு பெண்ணுக்கு செகந்திராபாத்தில் வளைகாப்பு. குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் என்று பாத்திமா வரவில்லை. நாங்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்விட்டோம். மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவள் நம் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். உன் அப்பா ஃபாக்டரியில். ரெஜினா டீச்சர் வீட்டுக்குச் செய்திருக்கிறாள். பிறகு வட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும். பூட்டிய வீடுகளில் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகில் வந்து, நாங்கள் வருகிற திசையைப் பார்த்து நின்றிருக்கிறாள். கீழ் வீட்டு வாசலில் லட்சுமம்மா மகனின் ஆட்டோ நிற்கிறது. அதைத் தாண்டித்தான் அவள் கேட்டுக்கு வந்தாள். அந்தக் கதவைத் தட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அந்த வீட்டோடு பேசுவது நான் அல்லவா?

துணி எடுக்க வந்த லட்சுமம்மா குழந்தையின் கண் செருகியிருப்பதைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் இருவரையும் ஆட்டோவில் தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குழந்தை பிழைத்தது. இன்றைக்கு அவன் என்னைவிட உயரம், கவலைப்படாதே. நாங்கள் பூவும் சந்தனமுமாக ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது லட்சுமம்மா என்னைப் பார்த்து, "மீரு லேனப்புடு ஈ பில்ல ஏம் செய்யாலி?" என்று கேட்டாள். நீங்கள் இல்லாதபோது இந்தப் பெண் என்ன செய்ய வேண்டும் என்று அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, உனக்குத் தமிழைவிடத் தெலுங்கு நன்றாகத் தெரியும். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கையில் அடுக்கிய கண்ணாடி வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கூட்டத்தில் பலகாரம் இல்லை, சண்டைதான். ஆளாளுக்கு இனி ஒருத்தியாவது ஊரில் இருக்க வேண்டும் என்று முறை போட ஆரம்பித்தோம். ரெஜினா டீச்சர்தான், "நிறுத்துங்க. பூட்டின வீடு தப்பு இல்ல. நாம அவளை வாயில்லாதவளா ஆக்கி வச்சிருக்கோம், அதுதான் தப்பு" என்றாள். அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். இனி யார் புதிதாக வந்தாலும் கூடப் போவோம், ஆனால் பின்னால் போவோம். பேசுவது அவள். அவள் திரும்பி நம்மைப் பார்த்துக் கேட்டால் ஒழிய நாம் வாயைத் திறக்கக் கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான், கார்த்தி. உன்னைப் பெற்றதைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

பாத்திமாவோடு முதல் நாள் குஷாய்குடா மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் முன்னால், நான் பின்னால். பீர்க்கங்காய்க்காரர், "க்யா ஹோனா ஆப்பா?" என்றார், என்ன வேண்டும் அக்கா என்று. அவள் நின்றாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்கு நாக்கு துடிக்கிறது. முந்தானையைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறேன். அவள் விரலைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், என்னவோ சொன்னாள். அந்த ஆள் இருப்பதிலேயே முற்றலாகப் பார்த்துப் பையில் போட்டுவிட்டார். அவளோ திரும்பி வந்து, "வாங்கிட்டேன்க்கா!" என்று பையைத் தூக்கிக் காட்டுகிறாள், பரீட்சையில் பாஸ் செய்தவள் மாதிரி. நானும் "நல்ல காய்" என்றேன். இரண்டு வீட்டிலும் அன்றைக்கு நாரைத்தான் மென்றோம். உன் அப்பா, "எந்தப் புண்ணியவதி வாங்கினா இதை?" என்று கேட்டுவிட்டு, பிறகு பேசாமல் சாப்பிட்டார். அடுத்த வாரம் அவள் காயைக் கிள்ளிப் பார்த்து வாங்கினாள். லட்சுமம்மாவிடம் அவளே "ஏம் கூர?" என்று கேட்ட அன்று நான் படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சிரிக்காதே. யூசுப் திரும்பி வருவதற்குள் ஒரு ஆட்டோக்காரரோடு மூன்று மொழியிலும் கலந்து சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

யூசுப் வந்தான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, முகத்தைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு பார்த்து அட்வான்ஸ் பேசிவிட்டானாம். பாத்திமாவோ, நான் வந்து பார்க்காமல் முடிக்காதீர்கள், இங்கே குழந்தைக்குப் பள்ளிக்கூடம் விசாரித்து வைத்திருக்கிறேன் என்கிறாளாம். "அக்கா, நீங்க சொன்னா கேட்பா" என்றான். கவனித்தாயா? அதே வார்த்தை. நல்ல பையன்தான், உன்னை மாதிரியே. அவனை அனுப்பிவிட்டு நான் பாத்திமாவிடம் போய், "சரி, அவன் சொல்லுதபடி போயேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. கோபம் இல்லை. நான் மறுபடியும் அவளுக்கு முன்னால் வந்து நிற்கிறேன் என்று மட்டும் அதில் தெரிந்தது. அவர்கள் வீடு மாறினார்களா இல்லையா என்பது அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிய பிறகு நடந்தது. நான் அதில் இல்லை.

இப்போது உன் விஷயம். உங்கள் ஊர்ப் பெண்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள் என்றாய். வரட்டும், சாம்பார் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? காரில் கூட்டிப் போவார்கள் என்றாய். அங்கேதான் என் மனசு சண்டித்தனம் செய்கிறது. மீராவுக்கு அந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது என்று நீயே சொன்னாய். செகந்திராபாத்தில் பிறந்து, ஸ்கூட்டியில் பேகம்பேட் வரைக்கும் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிறவள் அவள். தண்ணீர்க் குழாய்த் திட்டங்களுக்கு வரைபடம் போடுகிற அந்த ஆபீசில் இப்போதுதான் அவளுக்குக் கீழே ஆள் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்தால் சாப்பிடும்போதே உன் அப்பாவிடம் பள்ளம் மேடு என்று தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுகிறாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறார், அதிசயம். இந்தப் பெண் அங்கே வந்து மத்தியானம் என்ன செய்வாள்? காலை சரி, சமையல் இருக்கிறது. சாயங்காலம் சரி, நீ வந்துவிடுவாய். மத்தியானம்? யாராவது வந்து காரில் ஏற்றிப் போகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாளா? எனக்குப் பயமாக இருக்கிறது. கஷ்டப்படுவாள் என்று பயமில்லை. ஒரு கஷ்டமும் இல்லாமல் நன்றாகப் பார்த்துக்கொண்டே அவளை வாயில்லாதவளாக ஆக்கிவிடுவீர்கள், அவளும் சிரித்து வைக்கப் பழகிவிடுவாள் என்றுதான் பயம்.

அதற்காக, அவளை அனுப்ப மாட்டேன் என்று சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ தனியாக நின்று எதையாவது சூடு பண்ணிச் சாப்பிடுகிறாய் என்று நினைத்தால் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுகிறேன். உடனே அவளை அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷம், அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாரிடம் பேசுவது என்று தோன்றுகிறது. ஒரு பேரப்பிள்ளை வேண்டும் என்ற ஆசையும் மறைத்தால் மறையாது. இத்தனை ஆசைகளை மடியில் கட்டிக்கொண்டு நான் அவளிடம் பேசப் போனால் அது எப்படி நியாயமான பேச்சாக இருக்கும்? போகாதே என்று சொன்னாலும் எனக்காகச் சொன்னதாக இருக்கும், போ என்று சொன்னாலும் உனக்காகச் சொன்னதாக இருக்கும்.

ஆனால் நேற்று சாயங்காலம் விஷயம் தானாகவே வந்துவிட்டது. அவள் ஆபீசிலிருந்து வந்து, நான் தேய்த்த அடுப்பையே மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கையிலிருந்து துணியை வாங்கி வைத்துவிட்டு, "அத்தே, கைக்கு இப்படி அலையுறீங்க? அவரு போன்ல சொன்னதுக்குத்தானே?" என்றாள். ஏன் என்பதை "கைக்கு" என்றேதான் கேட்பாள் இந்த செகந்திராபாத்துக்காரி. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "ஹவ், ஆமா அத்தே, தெரியாமயா. ரிசைன் பண்ணச் சொல்லச் சொன்னாரு, நீங்க முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம நிக்கிறீங்க" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் அத்தே. எந்த மாசம் வர்றே, எந்த ஃப்ளைட், எவ்வளவு சாமான்னு எல்லாம் கேக்குறாரு. நான் வர்றேனா இல்லையான்னு இன்னி வரைக்கும் கேக்கல" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னைக் கொடுமைக்காரன் என்று நினைக்க என்னால் முடியவில்லை, அவளும் நினைக்கவில்லை. நீ கேட்கத் தோன்றாமல் இருந்துவிட்டாய், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார். நான் ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை. "நீ என்னம்மா நெனைக்கே?" என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். குக்கர் விசில் அடித்தது, நான் எழுந்துபோகவில்லை. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் நிற்கவில்லை. இத்தனை நாள் இந்தப் பெண் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. உன் அப்பா சமையலறை வாசல்வரை வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அதனால் மீராவின் முடிவு எனக்குத் தெரியும். நன்றாக யோசித்து எடுத்திருக்கிறாள், உன்னையும் வைத்துத்தான் யோசித்திருக்கிறாள். இதைப் படித்ததும் என்னைக் கூப்பிட்டு, அம்மா, வர்றாளா மாட்டாளா, அதை மட்டும் சொல்லு என்று கெஞ்சுவாய். கூப்பிடாதே. நான் சொல்ல மாட்டேன். அவள் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளைக் கூப்பிடு.

உன் அம்மா